கம்ப்யூட்டருக்குப் பட்டா கேக்குற தம்பிக்கு

வா தம்பி, உக்காரு. செயற்கை நுண்ணறிவுக்குச் சட்ட உரிமை வேணும், சொத்துரிமை வேணும்னு காலேஜ்ல பேசினியாமே? கைதட்டல் பலமாமே? ரொம்ப சந்தோஷம். கைதட்டின பிள்ளைங்கள்ல எத்தனை பேரு ஒரு பட்டா மாறுதலுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசல்ல நின்னிருக்காங்க? அதைக் கேட்டியா?

நான் நின்னிருக்கேன். அதனால எனக்கு வர்ற சந்தேகமெல்லாம் சின்னச் சின்ன சந்தேகம். பத்திரம் பதியப் போனா சார்பதிவாளர் ஆபீஸ்ல போட்டோ புடிப்பாங்க, விரல் ரேகை கேப்பாங்க, ரெண்டு சாட்சி வேணும்பாங்க. உன் எந்திரம் எந்தக் கட்டைவிரலை நீட்டும்? சாட்சிக்கு யாரு வருவா? எதுத்த வீட்டு வாஷிங் மெஷினா?

சரி, விரலை விடு. கம்ப்யூட்டர்ல இருக்குறதை நகல் எடுக்கலாமில்ல? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஆயிரம். நிலம் எதுக்குச் சொந்தம்? ஆறு மாசத்துல புதுப் பதிப்பு வந்துட்டா, பழசுக்குப் புதுசு மகனா, தம்பியா? வாரிசுச் சான்றிதழ் யாரு குடுப்பா? மனுஷன் செத்ததை நம்பவே நம்ம ஆபீஸ்ல ஆறு தடவை நடக்க விடுறாங்க.

சிரிக்கிறே. "இதெல்லாம் பழைய காலத்துக் கேள்வி, உலகம் எங்கேயோ போயிடுச்சு"ங்கிறே. எங்க போச்சு? சவுதிக்குப் போச்சா? 2017 அக்டோபர்ல ரியாத்ல ஒரு முதலீட்டு மாநாடு. அங்க சோஃபியான்னு ஒரு பொம்மைக்குக் குடியுரிமைன்னு அறிவிச்சாங்க. ஹாங்காங் ஹான்சன் ரோபாட்டிக்ஸ் செஞ்ச பொம்மை. மேடையில பேசிச்சு, முகத்தைச் சுளிச்சுச்சு, சிரிச்சுச்சு, எல்லாரும் மெய்மறந்துட்டாங்க. அன்னைக்கு அந்த நாட்டுப் பொம்பளைங்க கார் ஓட்ட முடியாது தம்பி. ஓட்ட விட்டது அடுத்த வருஷம் ஜூன்ல. பொம்மை பொறந்தவுடனே குடிமகள். அங்கேயே பொறந்த பொம்பளைக்கு ஸ்டியரிங் பிடிக்க அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருப்பு. இதுதான் நீ சொல்ற முன்னேற்றமா?

அடுத்து நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். "நம்ம நாட்டுல கல்லுல செஞ்ச சாமிக்கே சொத்து இருக்கு, வழக்குப் போடுது, ஜெயிக்குது. எந்திரத்துக்கு ஏன் கூடாது?" அப்படித்தானே? இங்கதான் நீ சரியான ஆளுகிட்ட மாட்டினே. நான் கோயில் நிலத்துக் குத்தகைக்காரன் மகன்.

ஆமா, சாமி சட்டத்தின் கண்ணுக்கு ஒரு ஆள்தான். வருமான வரிகூடக் கட்டணும், 1969லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அயோத்தி வழக்குல 2019ல நிலம் வாங்கினது ராம் லல்லா பேர்லதான். அதுக்கெல்லாம் முன்னாடி 1925ல கல்கத்தாவுல ஒரு பங்காளிச் சண்டை லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. முறைவச்சுப் பூஜை பண்ற குடும்பம். முறை வந்த ஆளு சாமியைத் தன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாமாங்கிறது சண்டை. கவுன்சில் என்ன சொல்லிச்சு? சாமிக்கும் ஒரு விருப்பம் உண்டு, அதை எடுத்துச் சொல்ல இந்தச் சண்டையில ஆதாயம் இல்லாத ஒருத்தரை நியமிங்கன்னு சொல்லிச்சு.

ஆதாயம் இல்லாத ஒருத்தர். இதை நல்லா மனசுல வாங்கிக்க. வெள்ளைக்கார ஜட்ஜுக்கு நம்ம பங்காளிங்களைப் பத்தி எவ்வளவு தெளிவு பாரு. சாமி பேசாது. அது பேருல எவனோ ஒருத்தன்தான் பேசுவான். பேசுறவன் யாரு, அவன் மடியில என்ன கட்டியிருக்கான்னுதான் முதல்ல பாக்கணும்.

அப்படிப் பாத்ததுல ஜெயிச்ச கதையும் உண்டு. திருவாரூர்ப் பக்கம் பத்தூர். 1976ல பாழடைஞ்ச கோயில் இடத்துல ஒரு கூலிக்காரர் மண்ணைத் தோண்ட, உள்ள நடராஜர். கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போயிட்டாரு. கனடாக்காரக் கம்பெனி ஒண்ணு 1982ல விலைக்கு வாங்கிச்சு. வழக்கு நடந்துச்சு. அந்த இடிஞ்ச கோயில் பேரு லண்டன் கோர்ட்டுல வழக்காளிங்க பட்டியல்ல நின்னுச்சு. கோயில்ல இருந்த சிவலிங்கம் பேரும் நின்னுச்சு. 1988ல ஜெயிச்சு, 1991ல மேல்முறையீட்டுலயும் ஜெயிச்சு, அந்த வருஷமே நடராஜர் தமிழ்நாடு திரும்பினாரு. இதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு மீசை துடிக்கும். பேசாத ஆளுக்குச் சட்டம் வாய் கொடுத்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பொருள் களவு போனது. கேட்டது ஊர். திரும்பி வந்தது நம்ம மண்ணுக்கு. சாமி பேர்ல வழக்காடினவன் எவனும் நடராஜரை வித்துப் பங்களா கட்டல.

ஆனா இது பத்துல ஒண்ணு. மிச்சத்தைக் கேளு. தமிழ்நாட்டுக் கோயிலுங்க பேருல 4.78 லட்சம் ஏக்கர் இருக்குன்னு கணக்கு. எந்தச் சாமியாவது வரப்புல நின்னு நடவு பாத்து நீ பாத்திருக்கியா? எந்த அம்மனாவது குத்தகை பாக்கிக்கு ஆளனுப்பிச்சா? யாரு யாரோ உழுதான், யாரு யாரோ வித்தான், யாரு யாரோ கடை கட்டி வாடகை வாங்குறான். சிவன் சொத்து குல நாசம்னு பெரியவங்க சொல்லிவச்சாங்களே, எதுக்கு? யாரும் தின்னாத சொத்துக்கா இவ்வளவு பெரிய சாபம்? தின்னு தீத்ததைக் கண்ணால பாத்துப் பாத்து, கோர்ட்டும் போலீசும் ஆகாதுன்னு, கடைசியா வம்சத்தைச் சொல்லிப் பயமுறுத்தினாங்க. அதுக்கும் அசையலையே! 2021ல மத்தியப் பிரதேச வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்துச்சு: நிலத்துக்குச் சொந்தக்காரர் சாமிதான், உரிமையாளர் கட்டத்துல பூசாரி பேரைப் போடாதே. அதைச் சொல்றதுக்கு உச்ச நீதிமன்றம் வேண்டியிருக்குன்னா, கட்டத்துல எத்தனை பூசாரி ஏறி உக்காந்திருப்பான்?

இத்தனைக்கும் சாமிக்கு நாலு பேரு பயப்படுறான். கம்ப்யூட்டருக்கு எவன் தீச்சட்டி எடுக்கப்போறான்?

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கிறது நம்ம பக்கம் மட்டும்தான்னு நினைக்காதே. நியூயார்க்ல லியோனா ஹெம்ஸ்லின்னு ஹோட்டல் முதலாளியம்மா. 2007ல கண்ணை மூடும்போது வளத்த நாய்க்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் எழுதிவச்சிட்டுப் போனாங்க. பேரப்பிள்ளைங்கள்ல ரெண்டு பேருக்கு ஒத்தைக் காசு கிடையாது. அடுத்த வருஷம் கோர்ட்டு அதை 20 லட்சமா வெட்டிச்சு. நாயைப் பாத்துக்கிட்டவரு சொன்ன வருஷக் கணக்கு பேப்பர்ல வந்துச்சு. காவலுக்கு 1 லட்சம் டாலர். பாத்துக்குற கூலி 60,000 டாலர். முடி வெட்டி அலங்காரத்துக்கு 8,000. சாப்பாட்டுக்கு? 1,200. புரியுதா ராசா? சொத்து நாய்க்கு. நாய் தின்னது ஒரு கை. அதுவாவது வயிறுள்ள ஜீவன். வயிறே இல்லாத ஒண்ணுக்குச் சொத்து எழுதினா, யாரு வயித்துக்குப் போவும்?

நம்ம தஞ்சாவூர்ச் சீமைக்காரனுக்கு இதுக்குப் பேரு சொல்லிக் குடுக்க வேண்டாம். பினாமி. 1961ல நில உச்சவரம்பு வந்துச்சு. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்னாங்க, பின்னால 1970ல 15 ஆக்கினாங்க. அப்ப பெரிய வேலிக்காரங்க என்ன பண்ணினாங்க? அழுதாங்களா? ஊரு நிறைய டிரஸ்டு முளைச்சுது. இன்னும் பொறக்காத பேரன் பேர்ல எழுதினான், மாட்டுக்காரன் பேர்ல எழுதினான், மாட்டு பேர்லயே எழுதினான்னு கடைத்தெருவுல பேச்சு. இந்த மாதிரி வேலைக்காகத்தான் 1988ல பினாமித் தடைச் சட்டம் வந்து, 2016ல அதை இறுக்கினாங்க. இப்ப நீ போயி, சாகாத, பசிக்காத, காட்டிக் குடுக்காத, கூலி கேக்காத, ஒரு பட்டன்ல ஆயிரமாப் பெருகுற பினாமியைச் சட்டப்படி செஞ்சு குடுங்கன்னு கேக்குறே. மாட்டுக்காரனாவது ஒருநாள் குடிச்சிட்டு உண்மையைச் சொல்லிருவான். அதுவும் போச்சா?

"எந்திரம் தானா யோசிச்சுக் கண்டுபிடிக்குது, அதுக்குப் பலன் வேண்டாமா?"ங்கிறே. யோசிக்குதோ என்னவோ. கேட்டவன் யாருன்னு பாரு. அமெரிக்காவுல ஸ்டீபன் தாலர்னு ஒரு விஞ்ஞானி. டாபஸ்னு ஒரு மெஷின் வச்சிருக்காரு. கண்டுபிடிச்சது மெஷின், அதனால கண்டுபிடிப்பாளர் பேர்ல மெஷினைப் போடுங்கன்னு தேசம் தேசமா வழக்கு. கேக்க எவ்வளவு பெருந்தன்மையா இருக்கு! அடுத்த வரியையும் படி. மெஷின் என்னுது, அதனால காப்புரிமை எனக்கு. பசு எனதுன்னா கன்னும் எனதுதானேங்கிற பேச்சு இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சுன்னா நம்புவியா? அது மாட்டுக் கொட்டகைக்குச் சரி, கண்டுபிடிப்புக்கு ஒட்டாதுன்னு 2023 டிசம்பர்ல கதவைச் சாத்திட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 2021ல ஒரு ஜட்ஜ் சரின்னாரு, மறு வருஷம் மேல்கோர்ட்டு இல்லைன்னுடுச்சு. தென்னாப்பிரிக்காவுல மட்டும் காப்புரிமை கிடைச்சுச்சு. அங்க விண்ணப்பத்தைப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு ஆராயுற வழக்கம் அப்ப இல்ல. இன்னொரு மெஷின் போட்ட படத்துக்குப் பதிப்புரிமை கேட்டாரு, அமெரிக்காக் கோர்ட்டு 2023லயும் 2025லயும் கையை விரிச்சுடுச்சு. மனுஷன் ஆசிரியரா இருக்கணும்னுட்டாங்க. நான் அவரைக் குறை சொல்லல. உழைச்சவரு கேக்குறாரு. ஆனா உரிமை எந்திரத்துக்கு, வரவு முதலாளிக்குங்கிற அந்தக் கணக்கை நீ கவனி.

இதுவரைக்கும் வரவைப் பேசினோம். செலவைப் பேசுவோமா? உங்க கூட்டத்துல யாரும் இதைப் பேசியிருக்க மாட்டாங்க.

கனடாவுல ஒருத்தரு, பாட்டி செத்துப்போச்சு, விமானத்துல போவணும். ஏர் கனடா வலைத்தளத்துல பதில் சொல்ற சாட்பாட் ஒண்ணு இருக்கு. துக்கத்துக்குப் போறவங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டான்னு அதுகிட்ட கேட்டாரு. முதல்ல முழுக் காசு குடுத்து டிக்கெட் எடு, 90 நாளுக்குள்ள மனுப் போட்டுச் சலுகையை வாங்கிக்கன்னு அது சொல்லிச்சு. நம்பினாரு. அப்புறம் போய்க் கேட்டா, அப்படியெல்லாம் விதி கிடையாதுன்னுட்டான் கம்பெனிக்காரன். பிரிட்டிஷ் கொலம்பியாவுல தீர்ப்பாயத்துக்குப் போனாரு. அங்க கம்பெனி வாதாடினதோட சாரம் என்ன தெரியுமா? சாட்பாட் தனி ஆள், அது சொன்னதுக்கு அதுதான் பொறுப்பு!

கேட்டியா? அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, உக்கார நாற்காலி கிடையாது. தப்பு நடந்த அன்னைக்கு மட்டும் திடீர்னு தனி ஆளு. நல்லவேளை, தீர்ப்பாயம் அசரல. உன் தளத்துல இருக்குறது எல்லாத்துக்கும் நீதான் பொறுப்புன்னு 2024 பிப்ரவரியில தீர்ப்புச் சொல்லி, வட்டியும் செலவும் சேத்து 812 டாலர் போலக் கட்ட வச்சுது. தம்பி, அன்னைக்கு நீ கேக்குற சட்டம் இருந்திருந்தா? பாட்டியைப் பறிகொடுத்தவரு சாட்பாட்டுப் பின்னால வாய்தா வாய்தாவா அலைஞ்சிருப்பாரு. ஜெயிச்சாலும் என்னத்தை ஜப்தி பண்றது? அமீனா போயி எந்த வீட்டு அண்டாவைத் தூக்குறது?

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதா நின்னு கேளு தம்பி, ஏன் அழுவுதுன்னு.

இன்னொண்ணு சொல்றேன், இது சிரிக்கிற விஷயமில்ல. 2018 மார்ச்சுல அரிசோனா மாநிலம் டெம்பியில ராத்திரி நேரம், ஒரு பொம்பளை சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைத் தாண்டுது. ஊபர் கம்பெனி சோதனை ஓட்டமா விட்ட தானியங்கிக் காரு மோதிச் செத்துப்போச்சு. கம்பெனி மேல குற்ற வழக்கு இல்ல. காருக்குள்ள பாத்துக்கன்னு உக்காத்தி வச்சிருந்த ஊழியர் 2023ல குற்றத்தை ஒத்துக்கிட்டு மூணு வருஷம் கண்காணிப்புத் தண்டனை வாங்கினாரு. எந்திரம் ஆளாகாத காலத்துலயே பழி படியிறங்கிக் கடைசி ஆளு தலையில விழுந்துச்சு. எந்திரமும் ஆளாகிட்டா அந்தக் கடைசி ஆளும் கிடைக்க மாட்டான்.

கங்கைக்கு நடந்தது தெரியுமில்ல? 2017 மார்ச்சுல உத்தராகண்டு உயர் நீதிமன்றம் கங்கையும் யமுனையும் உயிருள்ள ஆட்கள்னு சொல்லி, பெரிய அதிகாரிங்களை அதுக்குத் தாய்தகப்பன் ஸ்தானத்துல வச்சுது. அந்த மாநிலமே பதறிக்கிட்டு உச்ச நீதிமன்றம் ஓடிச்சு. வெள்ளம் வந்து ஆளு செத்தா யாரு மேல வழக்குப் போடுவான், தலைமைச் செயலாளர் மேலயா? நாலு மாசத்துல தடை. புள்ளைன்னு சொன்னா சந்தோஷம். புள்ள பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைச்சா, ஐயையோ, அது எம்புள்ள இல்லியே!

"கம்பெனியும் சட்டப்படி ஒரு ஆள்தானே?" ஆமா. இது நல்ல கேள்வி, இதுக்கு நான் உன்னை மெச்சுறேன். லண்டன்ல சாலமன்னு ஒரு பூட்ஸ் வியாபாரி. தன் கடையையே கம்பெனி ஆக்கினாரு. 20,007 பங்கு. பொண்டாட்டிக்கும் அஞ்சு புள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு, மிச்சம் 20,001 தனக்கு. கம்பெனி நொடிச்சுப்போச்சு. கம்பெனி வேற, சாலமன் வேறன்னு 1896ல பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிச்சு. சரக்குக் குடுத்துட்டுக் கடனுக்கு நின்னவங்க வெறும் கையோட வீட்டுக்குப் போனாங்க. அன்னைலேருந்து இன்னைக்கு வரைக்கும் அந்தத் திரையை எப்ப விலக்கலாம், எப்படி விலக்கலாம்னு கோர்ட்டுங்க மல்லுக்கட்டுது. இயக்குநர், ஆடிட்டர், பதிவாளர்னு எவ்வளவு கயிறு! அவ்வளவும் எதுக்கு? திரைக்குப் பின்னால சட்டையைப் பிடிக்க ஒரு மனுஷன் வேணும்னு. கம்பெனிக்குள்ள கடைசியா ஒரு சட்டை இருக்கு தம்பி. எந்திரத்துக்குள்ள?

ஐரோப்பாக்காரனும் இந்த மோகத்துல கொஞ்ச நாள் கிடந்தான். எலக்ட்ரானிக் ஆள்னு ஒரு அந்தஸ்து தரலாமான்னு 2017 பிப்ரவரியில நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு யோசிக்கச் சொல்லிச்சு. மறு வருஷம் நூத்தம்பதுக்கு மேல நிபுணர்கள் சேர்ந்து வேண்டாம்னு கடிதம் எழுதினாங்க. 2020ல அதே நாடாளுமன்றம் அதுக்கு அவசியமில்லைன்னுடுச்சு. அமெரிக்காவுல ஐடஹோவும் யூட்டாவும் ஏ.ஐ. ஆள் கிடையாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க. அந்தச் சட்டத்துல ஆறு, மண்ணு, மிருகம் எல்லாத்தையும் சேத்து ஒரே மூட்டையாக் கட்டிட்டான், அது எனக்கு ஒப்புதலில்ல. எந்திரத்தை வெரட்ட ஆத்தை ஏன் வெரட்டணும்?

இப்ப முகத்தைத் தொங்கப்போடாதே. "நாளைக்கு அதுக்கு வலின்னு ஒண்ணு வந்துட்டா?"ன்னு நீ மெதுவாக் கேக்குறது காதுல விழுவுது. வரட்டும். வலிக்குதுன்னு தெரிஞ்சா அடிக்காதேன்னு சட்டம் போடு, நானும் சேர்ந்துக்குறேன். வலிக்குற ஜீவனை வதைக்காதேங்கிறது வேற, அது பேருல நிலம் எழுதுறது வேற. எங்க வீட்டுக் காளையை நான் ஒருநாளும் அடிச்சதில்ல, அதுக்காகக் களத்துமேட்டை அது பேருக்கு மாத்தல. வலியைப் பத்திப் பேசுறதுன்னா வரிசையும் ஒண்ணு இருக்குல்ல? நியூயார்க் மிருகக்காட்சிசாலையில ஹாப்பின்னு ஒரு யானை. அதை விடுதலை பண்ணுங்க, அதையும் ஒரு ஆளா ஏத்துக்கங்கன்னு வழக்கு. 2022ல அந்த மாநிலத்து உச்சக் கோர்ட்டு அஞ்சுக்கு ரெண்டுன்னு தள்ளிடுச்சு. கண்ணாடியில தன்னைத் தானே அடையாளம் கண்டுக்கிட்ட யானை அது! ரத்தமும் சதையுமா நிக்குற அதுக்கு இல்லாத அவசரம் உன் கம்ப்யூட்டருக்கு ஏன்?

வரிசையில யானைக்கும் முன்னாடி வேற யாரோ நிக்குறாங்க பாரு. இந்தத் தெருக் கடைசிக்குப் போ. கோயில் மனையில மூணு தலைமுறையாக் குடிசை போட்டிருக்குறவங்க இருக்காங்க. வரி கட்டுறாங்க, ஓட்டுப் போடுறாங்க, கட்டை விரலும் இருக்கு, பசியும் இருக்கு. பட்டா இல்ல. உன் கூட்டத்துல அவங்களுக்காக யாராவது ஒரு சத்தம் குடுத்தாங்களா?

மனு எழுதுற கை உனக்கு இருக்கு, அதை வீணாக்காதே. எந்திரம் பண்ற நட்டத்துக்கு அதைச் செஞ்சவனும் அதை வச்சுச் சம்பாதிக்கிறவனும் கைக்காசு போட்டுக் கட்டணும், சாட்பாட் மேல கையைக் காட்டிட்டு நழுவக் கூடாதுன்னு ஒரு சட்டம் கேட்டு எழுது. எழுதி எடுத்துக்கிட்டு வா, முதல் கையெழுத்து நான் போடுறேன்.